என் வாயால் போன ஐந்து யார்ட்

மூன்று வருடங்களுக்கு முன், செப்ரெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவில் என் மகன் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் நடந்த கதை இது. நடந்தது என்பதைவிட நான் நடத்திவைத்தேன் என்று சொல்வதுதான் சரி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நான் எழும்பி, சமையலைச் சாட்டிக் குசினிக்குள் போய்விடுவேன். ஆனால் சிரித்துக்கொண்டுதான் போவேன்.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் அஜின்கோர்ட் பக்கம் பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பின்னால் ஐம்பது பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்க, ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே கடைசி சீற்றில் நிற்பவனை உட்கார வைக்கிற குரல் என்னுடையது. பிறவியிலேயே பெரிய தொண்டை. இந்த வேலை அதை இன்னும் பெரிதாக்கிவிட்டது. தமிழ்க் கடையில் இறைச்சி வெட்டுபவரிடம் நான் ஒரு கிலோ கேட்டால், மரக்கறிப் பக்கம் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ரெலிபோனில் கதைக்கத் தொடங்கினால் என் கணவர், "இஞ்சாரும், உமக்கு உந்த போன் தேவையில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டால் காணும்" என்பார். அவருக்கு எல்லாம் பகிடிதான்.

எங்களுக்கு ஒரே மகன். சின்ன வயதிலிருந்தே ஆள் பெரிய உருவம். கலியாண வீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் யாராவது ஒரு அன்ரி அவனுடைய தட்டைப் பார்ப்பா, பிறகு என்னைப் பார்ப்பா, பிறகு சோற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லுவா. பிள்ளை தட்டை வைத்துவிட்டு எழும்பிவிடுவான். அப்படிப்பட்டவனை ஹைஸ்கூலில் ஓர் ஆசிரியர் கண்டு, "உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றாராம். புட்போல் விளையாடக் கூப்பிட்டிருக்கிறார். காலால் உதைக்கிற விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட் போட்டு, தோளில் கவசம் கட்டி, இரண்டு பக்கமும் கூரான பந்துக்காக ஆளையாள் இடித்து விழுத்துகிற அமெரிக்கன் புட்போல். கனடாவில் சட்டதிட்டம் கொஞ்சம் வேறு. இடி மட்டும் ஒன்றுதான்.

அந்த உடம்புக்கு அங்கே நல்ல மரியாதை. பந்தை எறிகிற பையனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எதிர்ப்பக்கத்தால் பாய்ந்து வருகிறவர்களை மறிப்பதுதான் அவர்களுடைய வேலை. என் மகன் அந்த ஐவரில் ஒருவன். பந்தை அவன் தொடுவதேயில்லை. மூன்று மணித்தியாலம் இடிபட்டு, பந்தைத் தொடாமலே வீட்டுக்கு வருகிற விளையாட்டு என்ன விளையாட்டு என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவன் சிரிப்பான்.

பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கேயும் அணியில் சேர்ந்து இரண்டாவது வருடம். அதுவரை நான் ஓர் ஆட்டம்கூடப் பார்க்கப் போகவில்லை. பயம். பெற்ற பிள்ளையை வேறொருவன் இடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க என்னால் ஏலாது. கணவர் மட்டும் போவார். நான் வீட்டில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, ஆட்டம் முடியும்வரை எதையாவது சமைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்திலேயே எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி நிரம்பி வழியும்.

வருடத்துக்கு எட்டு ஆட்டங்கள். முந்தின வருடம் எட்டிலும் தோல்வி. அந்த வருடம் முதல் மூன்றும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் முடிந்து வந்தவன் சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோவன். நாங்கள் அவ்வளவு மோசம் இல்லை."

அவன் சின்ன வயதிலும் என்னிடம் எதையும் கேட்டு அடம்பிடித்ததில்லை. அதற்குப் பிறகும் போகாமல் இருந்தால் நான் என்ன தாய். அடுத்த சனிக்கிழமை பயத்தை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நல்ல வெயில். எங்களுக்குப் பக்கத்தில் பந்தை எறிகிற பையனின் தாய் இருந்தா. ஜமேக்காவில் பிறந்து வெக்ஸ்போர்ட்டில் குடியிருக்கிறவ. பெரிய தொப்பியும் பெரிய சிரிப்பும். இரண்டு நிமிடத்தில் எனக்குச் சிநேகிதியாகிவிட்டா. எனக்கு விளையாட்டு விளங்கவில்லை. என் மகன் எங்கே என்பது மட்டும் விளங்கியது. அவன் விழுந்தால் எழும்பும்வரை மூச்சு விடமாட்டேன். எழும்பினால் கை தட்டுவேன். பந்து எங்கே போனது, யார் புள்ளி எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் நான்கு புள்ளியால் பின்னுக்கு. ஆனால் பந்து எல்லைக்கோட்டுக்கு ஒரேயொரு யார்ட், அதாவது மூன்றடி தள்ளி, எங்கள் கையில். கோட்டைத் தாண்டினால் வெற்றி. கடைசி முயற்சி. இங்கத்தைச் சட்டப்படி எதிரணி ஒரு யார்ட் விலகித்தான் நிற்கலாம். ஆகவே ஒரு யார்ட் என்றால் பெரும்பாலும் கிடைத்த மாதிரித்தான். இதெல்லாம் பிறகு எனக்குச் சொல்லித் தந்தவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அதுவரை கத்திக்கொண்டிருந்த சனம் முழுவதும் திடீரென்று அடங்கிப்போனதுதான். இவ்வளவு பேரும் பயந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளை குனிந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றி நிற்கிறான். அவனுக்கு எதிரே குளிர்ப்பெட்டி அகலத்தில் ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். இந்த நேரத்தில் பிள்ளைக்குத் தைரியம் சொல்ல ஒருவருமில்லையா?

எழும்பினேன். பதினாறு வருடத்து பஸ் குரலில், "ராசா, கவனம் ராசா!" என்றேன்.

அவனுடைய ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது. அரைவாசிதான் திரும்பியது. விசில் ஊதியது. நடுவர் எறிந்த செம்மஞ்சள் துணியொன்று பறந்து வந்து புல்லில் விழுந்தது. எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் ஒரே குரலில் முனகியது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமேக்காத் தாய்தான் என் கையைப் பிடித்து, மெதுவாக விளங்கப்படுத்தினா. பந்து நகரும்வரை அந்த ஐந்து பேரும் சிலைபோல நிற்க வேண்டும். ஒருவன் அசைந்தாலும் தண்டனை, ஐந்து யார்ட் பின்னுக்கு. அதனால்தான் எங்கள் பிள்ளைகளிடம் பந்து இருக்கும்போது நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போதுதான் கத்த வேண்டும். ஒரு யார்ட் இப்போது ஆறு யார்ட். எறிந்த பந்தை யாரும் பிடிக்கவில்லை. தோல்வி.

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். நான்காவது தோல்வி, அதுவும் தாய் கையால்.

காரில் மகன் பின் சீற்றில் இருந்தான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், வந்ததோ ஒரு கீச்சுக் குரல். எனக்கு அப்படிச் சின்னக் குரல் வந்தது என் கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். அவன் முன்னுக்குச் சாய்ந்து என் தோளைத் தட்டி, "இட்ஸ் ஓகே அம்மா. நான்தான் அசைஞ்சனான். மை பாட், என்ர பிழை" என்றான். பிறகு கணவர் சொன்னார், கோச் எல்லோர் முன்னாலும் கேட்டபோதும் அவன் தன் கவனம் சிதறிவிட்டது என்றுதான் சொன்னானாம். அம்மா கூப்பிட்டா என்று மூச்சும் விடவில்லையாம். அவன் என்னைத் திட்டியிருந்தால் அன்றிரவு நான் நித்திரை கொண்டிருப்பேன்.

ஞாயிறு முழுவதும் யோசித்தேன். பிள்ளையை அணியிலிருந்து தூக்கிவிட்டால்? என் வாயால் கெட்டதை நான்தான் சரிப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பிழை விட்டால் வெறுங்கையோடு போய் நிற்கத் தெரியாது. நூறு மட்டன் ரோல்ஸ் சுற்றினேன். திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கி, பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ரோல்ஸ் அடுக்கிய இரண்டு பெரிய ரேயுடன் காரில் அவர்கள் பயிற்சி செய்கிற மைதானத்துக்குப் போனேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

கோச் சிவந்த கழுத்தும் விசிலுமாக ஒரு பெரிய மனிதர். என்னுடைய இங்கிலிஷ் பஸ் இங்கிலிஷ். உட்கார், தள்ளாதே, உள்ளே சாப்பிடாதே, இதற்கு வெளியே போனால் கொஞ்சம் தடுமாறும். எப்படியோ, சனிக்கிழமை கத்தியது நான், பிள்ளையில் பிழையில்லை, தண்டனை தருவதென்றால் எனக்குத் தாருங்கள் என்று சொல்லி முடித்தேன். அவர் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண் விரிந்தது. மென்று விழுங்கிவிட்டு, சரியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நான் அடக்கமாக, "ராசா, கவனம் ராசா" என்றேன்.

இப்படித்தான் சொன்னீர்களா, இல்லாவிட்டால் சனிக்கிழமை சொன்ன மாதிரிச் சொல்ல முடியுமா என்றார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். சரி, கேட்டது அவர்தானே. சனிக்கிழமை மாதிரியே சொன்னேன்.

மைதானத்தின் அந்தத் தொங்கலில், நூறு யார்டுக்கு அங்கால், முப்பது நாற்பது பிள்ளைகள் கூடி நின்றார்கள். அதில் ஒரேயொரு ஹெல்மெட் டக்கென்று எங்கள் பக்கம் திரும்பியது.

கோச் அந்த ஹெல்மெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். மகனை நிறுத்த மாட்டேன், வந்ததற்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கோ வந்ததைவிடப் போகும்போது மனம் பாரமாகிவிட்டது. சரிப்படுத்த வந்த இடத்திலும் பிள்ளையைத் திரும்ப வைத்துவிட்டேனே.

அந்தக் கிழமையிலிருந்து மகனில் ஒரு மாற்றம். காலையில் நான் எழுப்பினால் எழும்ப மாட்டான். ஒருநாளும் அப்படிச் செய்யாதவன். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவான். பால் பெட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காமல் வெளியே விட்டுவிடுவான். சப்பாத்தைக் கழற்றி வாசலுக்குக் குறுக்கே போடுவான். நான் சும்மா விடுவேனா. "எழும்படா, ஏழு மணியாச்சு" என்று தொடங்கினால், துவாய், பால், சப்பாத்து என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் முடிப்பேன். அவன் குசினி மேசையில் பாண் பெட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வாயைக் கோணலாக்கிச் சிரித்துக்கொண்டு நிற்பான். சில நேரம், "அம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ, விளங்கேல்லை" என்பான். எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

எனக்கு இது வேறுமாதிரித்தான் பட்டது. பிள்ளைக்கு உள்ளுக்குள் என்மேல் கோபம், வாயால் சொல்ல மனமில்லாமல் இப்படிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கலக்கியபடி, "பெடியன் வளருறான், விடுமன்" என்றார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. அதை அப்போதே பிடித்திருக்க வேண்டும். எனக்கிருந்த கவலையில் விட்டுவிட்டேன்.

இனி மைதானத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஐந்தாவது ஆட்டம் நடந்த பின்னேரம் குசினியில் மாப் பிசைந்துகொண்டு நின்றேன். போன் அடித்தது. கணவர். பின்னால் ஒரே கூச்சல். "வெண்டிட்டாங்களப்பா" என்றார். மனுசன் அழுதாரோ சிரித்தாரோ தெரியாது. மகன் அந்த அணியில் சேர்ந்த பிறகு முதல் வெற்றி. நான் மா அப்பின கையோடு குசினிக்குள் தனியே ஆடினேன். வெட்கமில்லாமல் ஆடினேன். சுவிற்சில், அலுமாரிப் பிடியில் எல்லாம் மா.

ஆறாவது ஆட்டமும் வெற்றி. ஏழாவதும் வெற்றி. வீட்டில் கலியாணக் களை வந்துவிட்டது. மகன் சாப்பிடுகிற வேகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு முள். நான் போன அன்று தோல்வி. அதற்குப் பிறகு நான் போகாத மூன்று ஆட்டமும் வெற்றி. அப்படியென்றால் ராசியில்லாதவள் நான்தானே. இதைக் கோயிலிலும் சொல்லி அழுதேன் என்றால் பாருங்கள்.

எட்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். வென்றால் அடுத்த சுற்று. அந்த அணிக்கு அது எத்தனையோ வருடமாகக் கிட்டாதது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் என் முன்னால் வந்து நின்றான். "நாளைக்கு நீங்கள் வரோணும். கோச்சும் சொன்னவர்" என்றான். நான் முடியாது என்றேன். என் ராசிக் கதையைச் சொன்னேன். அவன் அவ்வளவு பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து, முகத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்களைப் போல லக் எனக்கு வேற ஆர்?" என்றான். மனதாரச் சொல்கிறானா, தாய் பாவம் என்று சொல்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் பிள்ளை இரண்டாவது தரம் கேட்டுவிட்டான்.

ஒக்ரோபர் முடிவு. குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிச் சால்வையை வாயைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் பெரிய ரொபி மிட்டாய் ஒன்று. போதாததற்கு ஜமேக்காத் தாயோடு ஓர் ஒப்பந்தம். எங்கள் பிள்ளைகளிடம் பந்து இருந்தால் அவ என் கையை இறுக்கிப் பிடிப்பா, நான் மூச்சும் விடக்கூடாது. எதிரணியிடம் பந்து போனால் கையை விட்டுவிடுவா, அப்போது நான் என்னவும் செய்யலாம். அவவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் ஒப்பந்தத்தைச் சரியாக நடத்தினா. கை விட்ட நேரமெல்லாம் நான் சால்வையைக் கீழே இழுத்துவிட்டுக் கத்தினேன் பாருங்கள், முன் வரிசையில் இருந்த பெடியள் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார்கள். இப்படியொரு இடம் உலகத்தில் இருக்கிறது, அங்கே என்னைப் போன்றவள் கத்தினால் கும்பிடுவார்கள் என்று எனக்கு நாற்பத்தொன்பது வயதுவரை தெரியாது.

கடைசி இரண்டு நிமிடம். எங்கள் பிள்ளைகள் இரண்டு புள்ளியால் முன்னுக்கு. பந்து எங்கள் கையில், ஆனால் மைதானத்தின் எங்கள் பாதியில். கடைசி முயற்சி. இன்னும் ஒரு யார்ட் கூட இல்லை, முக்கால் யார்ட் எடுத்தால் போதும், பந்து எங்களிடமே நிற்கும், மிச்ச நேரத்தை ஓட்டிவிடலாம். எடுக்காவிட்டால் எதிரணிக்குப் பந்து, அதுவும் கிட்டத்தில். பந்தை உதைத்துத் தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். கோச் உதைக்க விடவில்லை. அந்த ஐந்து பேரையும் நம்பி நின்றார்.

சனம் அடங்கியது. இப்போது எனக்கு அந்த அமைதியின் அர்த்தம் தெரியும். ஜமேக்காத் தாய் என் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தா. இதற்குச் சற்று முன்னர்தான் மகன் விழுந்து, காலை நொண்டிக்கொண்டு எழும்பியிருந்தான். இப்போது குனிந்து நிற்கிறான். பாரத்தை ஒரு காலிலேயே போட்டு நிற்பது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது. ரொபியைக் கடித்தேன். சால்வையைக் கடித்தேன். பேசாதே, பேசாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. சால்வை கீழே கிடந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ராசா, கவனம் ராசா!"

அந்த அமைதிக்குள் அது மைதானத்தின் நாலு மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கண்ணை மூடக்கூட நேரமில்லை. முடிந்தது, இரண்டாவது தரமும் நானே கெடுத்துவிட்டேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பவில்லை.

ஹெல்மெட் அசையவில்லை. நிலத்தில் ஊன்றிய விரல் அசையவில்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் நின்ற நாலு பேரும் அசையவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பந்து நகர்ந்தது. ஐந்து பேரும் ஒன்றாக முன்னுக்குப் பாய்ந்தார்கள். எல்லோரும் குவியலாக விழுந்தார்கள். நடுவர் ஓடிவந்து, குவியலை விலக்கிப் பார்த்து, கையை எங்கள் பக்கம் நீட்டினார். கிடைத்துவிட்டது.

என்ன சத்தம். ஜமேக்காத் தாய் என்னைத் தூக்கிவிட்டா. உண்மையாகவே தூக்கிவிட்டா, கால் நிலத்தில் இல்லை. தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தா. கணவர் முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டம் வென்றதைவிட, பிள்ளை எப்படி அசையாமல் நின்றான் என்பதுதான் மண்டைக்குள் சுற்றியது. ஒருவேளை கேட்கவில்லையோ? கேட்காமல் இருக்க வழியேயில்லை.

நேரம் முடிந்து விசில் ஊதியதும் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் பக்க வேலிக்கு ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் ஜமேக்காத் தாயின் மகன், அந்தப் பந்தெறிகிறவன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கத்தினான்: "எழும்படா, ஏழு மணியாச்சு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன், ஆறரை அடி இருப்பான், "உந்தத் துவாயை ஆரடா எடுக்கிறது?" என்றான். இன்னொருவன் பாலைப் பற்றிச் சொன்னான். வேறொருவன் சப்பாத்தைப் பற்றி. என்னுடைய வசனங்கள், என்னுடைய இழுவை, இடையில் நான் போடுகிற "என்ன சொன்னனான்" உட்பட எல்லாம். ஐம்பது அறுபது பெடியள் வேலியில் தொங்கிக்கொண்டு என்னை எனக்கே திட்டிக் காட்டினார்கள்.

மகன் கடைசியாக வந்தான். நொண்டிக்கொண்டு, முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக. அவன் சொல்லித்தான் முழுக்கதையும் தெரிந்தது. நான் ரோல்ஸோடு போய்த் திரும்பிய அன்றே கோச் அவனைக் கூப்பிட்டு, உன் அம்மாவின் குரலைப் பதிந்துகொண்டு வா, எவ்வளவு கோபமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்றாராம். அதற்குத்தான் துவாயும் பாலும் சப்பாத்தும். அதற்குத்தான் பாண் பெட்டிக்குப் பக்கத்தில் போன். பயிற்சியில் அந்த ஐந்து பேரும் குனிந்து நிற்கும்போது, பெரிய ஸ்பீக்கரில் என்னைப் போடுவார்களாம். அசைந்தவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். முதல் நாள் என் மகன் மட்டும் பதினொரு தரம் ஓடினானாம். மற்றவர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் அந்தக் குரலுக்கு அவர்களும் அசைந்தார்களாம். நாலு கிழமை இப்படி. இந்த மாகாணத்தில் என் குரலுக்கு அசையாத ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றால் அது அந்த வரிசைதான். என் கணவரையும் சேர்த்தால் ஆறு. அவருக்கு இதெல்லாம் முதலிலிருந்தே தெரியும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

"என்ர கத்தலை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினியோடா" என்று வேலிக்கு மேலால் அவன் தோளில் அடித்தேன். கவசம் கையை நோகப் பண்ணியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோச் கடைசியாக வந்து, ரோல்ஸ் கொண்டுவந்தீர்களா என்று மட்டும் கேட்டார். ராசிக்குப் பயந்து நான் அன்று ஒன்றும் கொண்டுபோகவில்லை. இன்றைக்கும் அது எனக்குக் கவலை.

அடுத்த கிழமை பிளே-ஓவ்ஸ் என்கிற அந்தச் சுற்றில் எங்களுக்குப் படுதோல்வி. எங்களைவிட மூன்று மடங்கு கெட்டிக்கார அணி. முடிந்ததும் பிள்ளைகள் வேலிக்கு வந்தார்கள். நான் இரண்டு ரே நீட்டினேன், ஐந்து நிமிடத்தில் வெறும் ரே. தோற்ற பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு அவன் படிப்பு முடியும்வரை ஓர் ஆட்டமும் நான் விடவில்லை. எப்போது கத்துவது, எப்போது அடங்குவது என்று இப்போது நானே பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுப்பேன்.

யாராவது அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் மகன் நாலு வெற்றியையும் சொல்லுவான். எனக்கு ஞாபகம் நிற்பது அந்த இரண்டு நொடிதான். நடக்கப் பழகின நாளிலிருந்து, பள்ளிக்கூட வாசலில், கோயில் திருவிழாச் சனத்துக்குள், கடைகளில், எங்கே நான் கூப்பிட்டாலும் அவன் திரும்புவான், அதுதான் என் தைரியம். அன்றைக்கு என் முழுக்குரலில் கூப்பிட்டும், கேட்டும், அவன் திரும்பாமல் தன் வேலையில் நின்றான். பிள்ளை திரும்பிப் பார்க்காததற்காக ஒரு தாய் இவ்வளவு சந்தோஷப்படலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.